புல்லட் கவரில் முகம் பார்க்க: அலுமினியத்துக்கு வீட்டிலேயே பாலிஷ் போடுவது எப்படி

காரைக்குடியில் எங்கள் வீட்டில் நிற்பது அப்பா ஓட்டிய புல்லட். வார்ப்பிரும்பு பிளாக் வைத்த பழைய மாடல். அதன் எஞ்சினை மூடும் அலுமினியக் கவர்கள் மூன்றும் வெளுத்துப்போய், சுண்ணாம்பு பூத்த சுவர் மாதிரி இருந்தன. மூன்றையும் கண்ணாடியாக்க வேண்டும் என்று இறங்கினேன்.

முதல் கவரை ஒரு பட்டறையில் கொடுத்தேன். 1,200 ரூபாய். பளபளவென்றுதான் வந்தது. ஆனால் விளிம்பெல்லாம் மழுங்கி, ஸ்குரூ உட்காரும் வட்டக் குழிகள் முட்டை வடிவத்துக்கு இழுபட்டிருந்தன. இரண்டாவதை நானே செய்தேன், கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி. அந்தக் கீறல்களை எடுக்க நான்கு நாள் போயிற்று. மூன்றாவது கவர்தான் நினைத்த மாதிரி வந்தது. அந்த மூன்றாவதில் செய்ததை மட்டும் வரிசையாக எழுதுகிறேன். நீங்கள் முதல் கவரிலேயே அங்கே போய்ச் சேர வேண்டும்.

தொடங்குவதற்கு முன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பளபளப்பு பஃப் வீலில் (மெருகேற்றும் துணிச் சக்கரம்) வருவதில்லை, வாட்டர் பேப்பரில் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) வருகிறது. ஆத்தங்குடித் தரைக்கல்லை அச்சில் வார்க்கும்போது அடியில் கண்ணாடித் தகடு இருக்கும். அந்தக் கண்ணாடியின் வழவழப்பைத்தான் கல் வாங்கிக்கொள்கிறது, மேலே எதையும் பூசுவதில்லை. அலுமினியமும் அப்படித்தான். கோடு இல்லாத பரப்பு தானாக மின்னும். கோடு இருக்கிற பரப்பில் எவ்வளவு பஃப் சோப்பு (வீலில் தொட்டுக்கொள்ளும் மெருகுக் கட்டி) போட்டு வீலை ஓட்டினாலும் மின்னுகிற கோடுகள்தான் கிடைக்கும்.

1. முதலில் உங்கள் பாகம் எப்படிப்பட்டது என்று பாருங்கள்

இந்த முறை வெறும் அலுமினியத்துக்கு மட்டும். காந்தம் ஒட்டினால் அது இரும்பு, மேலே குரோம் முலாம். அதை விட்டுவிடுங்கள். ஒட்டவில்லை என்றால் மல்டிமீட்டரை எடுத்து, பீப் சத்தம் வரும் இடத்தில் வைத்து, இரண்டு முனைகளையும் பாகத்தின் மேல் லேசாகத் தொடுங்கள். சத்தம் வந்தால் பெரும்பாலும் வெறும் அலுமினியம். வரவில்லை என்றால் மேலே லேக்கரோ (வார்னிஷ் மாதிரி நிறமில்லாத பூச்சு) அனோடைஸ் அடுக்கோ (மின்சாரம் செலுத்தி அலுமினியத்தின் மேலேயே உண்டாக்கிய ஆக்சைடு) இருக்கிறது.

இரண்டில் எது என்று தெரிய, பஞ்சில் தின்னர் தொட்டு ஒரு ஓரத்தில் தேயுங்கள். பிசுபிசுத்தால் பெரும்பாலும் லேக்கர். அசையவே இல்லை என்றால் அனோடைஸ் என்று சந்தேகப்படுங்கள். அனோடைஸ் அடுக்கு அலுமினியத்தைவிட மிகக் கடினமானது, உங்கள் தாள்தான் தேயும். காஸ்டிக் சோடாவில் ஊறப்போட்டால் கழன்றுவிடும் என்று சொல்வார்கள். கழலும், ஆனால் அதே கரைசல் அலுமினியத்தையும் தின்னும். ஹைட்ரஜன் வாயு கிளம்பும். கண்ணில் ஒரு துளி பட்டால் பார்வை போகும். வீட்டில் செய்கிற வேலை இல்லை. அனோடைஸ் பாகத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

இன்னொரு விஷயம், வார்ப்பு அலுமினியமும் தகடும் ஒன்று இல்லை. எஞ்சின் கவர்கள் சிலிக்கான் கலந்த வார்ப்பு. அவை மின்னினாலும் சற்றே சாம்பல் சாயல் இருக்கும், குரோம் மாதிரி நீல வெள்ளை வராது. உள்ளே காற்றுக் குமிழி இருந்த வார்ப்பாக இருந்தால், தேய்க்கத் தேய்க்க ஊசிமுனைப் பள்ளங்கள் வெளியே வரும். ஒன்றைத் தேய்த்து எடுத்தால் கீழே இன்னொன்று இருக்கும். இரண்டு மூன்று புள்ளிகளைப் பொறுத்துக்கொண்டு மேலே போய்விடுங்கள்.

சமையல் பாத்திரம், குக்கர் எதற்கும் இந்த வேலை வேண்டாம். பஃப் சோப்பு சாப்பாட்டுப் பக்கம் வரக்கூடாத பொருள்.

2. காகிதங்கள்: ஆர்.சி., பில், போட்டோ

பாலிஷ் போட எந்த அனுமதியும் வாங்க வேண்டாம். ஆர்.சி.யில் இருக்கும் நிறம், எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் எதையும் இது மாற்றுவதில்லை. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. எஞ்சின் நம்பர் எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸில்தான் அடித்திருக்கும், அதுவும் அலுமினியம்தான். கவரை முடித்த உற்சாகத்தில் கிராங்க் கேஸையும் வண்டியிலேயே வைத்து பாலிஷ் போட்டுவிடலாம் என்று கை போகும். அந்த எழுத்துகள் ஆழமானவை அல்ல. தொடர்ந்து பஃப் போட்டால் மழுங்கிவிடும்.

சொந்த உபயோக இருசக்கர வாகனத்துக்குப் பதிவு 15 ஆண்டு, அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை படிவம் 25-ல் புதுப்பிக்க வேண்டும். அப்போது ஆய்வாளர் நம்பரைத் தேடிப் பார்ப்பார். மங்கிய நம்பரைப் பார்த்தால் திருட்டு வண்டியோ என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லி அலைவது, நாம் செய்கிற எல்லா வேலையையும்விடப் பெரிய வேலை.

ஆகவே முதல் நாளே ஆர்.சி.யை எடுத்து வைத்து, எஞ்சின் நம்பர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள். ஒரு வெள்ளைத்தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு அச்சும் எடுத்து ஆர்.சி.யோடு வையுங்கள். பிறகு அந்த இடத்தைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்கு டேப் ஒட்டி, வேலை முடியும்வரை எடுக்காதீர்கள்.

கிரைண்டர் மிஷின் வாங்கும்போது ஜி.எஸ்.டி. பில்லும், கடை முத்திரை வைத்த வாரண்டி அட்டையும் கேட்டு வாங்குங்கள். அட்டையில் இருக்கும் சீரியல் நம்பரும் மிஷினில் இருப்பதும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள். பஃப் வேலை மிஷினுக்குக் கடுமையானது, பஞ்சும் பொடியும் உள்ளே போகும். மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் சீக்கிரம் தேயும்.

3. என்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்

எனக்கு ஆனதைச் சொல்கிறேன். கடைக்குக் கடை முன்னே பின்னே இருக்கும்.

வேகம் குறைக்கும் வசதியுள்ள 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர் 3,600 ரூபாய். ஸ்பாஞ்ச் பேடும் அதில் ஒட்டும் உப்புத்தாள் வட்டங்களும் 450. வாட்டர் பேப்பர் 320 முதல் 2000 வரை ஏழு நம்பர் (நம்பர் கூடக் கூடத் தாள் நைஸாகும்), நம்பருக்கு நான்கு தாள், மொத்தம் 560. துணி பஃப் வீல் மூன்று, 450. பஃப் சோப்பு இரண்டு கட்டி, 400. பெயிண்ட் ரிமூவர் 250. முகத்தை முழுதாக மூடும் ஷீல்டு, என்95 மாஸ்க், ரப்பர் கையுறை எல்லாம் சேர்த்து 500. குழாயில் வரும் மெட்டல் பாலிஷ் 300. ஒரு கிலோ பனியன் வேஸ்ட் 80. கடைசியில் கவர் உட்காரும் இடத்தில் ஆயில் கசியாமல் வைக்கும் புதுப் பேக்கிங்கும் ஆயிலும் 350. கூட்டினால் 6,940.

ஒரே ஒரு கவருக்கு இது கட்டாது. மூன்று நான்கு பாகம் இருந்தால், அல்லது நண்பர்கள் இரண்டு பேர் சேர்ந்து வாங்கினால் கட்டும். மிஷின் ஏற்கனவே இருக்கிறது என்பவர்களுக்குப் பாதிச் செலவுதான். ஆனால் அந்த மிஷினில் வேகம் குறைக்க முடியுமா என்று பாருங்கள். சாதாரண 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று வாக்கில் ஓடும். துணி வீலுக்கு அது ஆகாது. வீல் பிய்ந்து பறக்கும், அலுமினியம் சூடேறிக் கருகும். நமக்கு வேண்டியது 3,000 சுற்றுப் பக்கம். பஃப் வீலின் பக்கத்தில் அதிகபட்ச வேகம் அச்சிட்டிருக்கும். அச்சிடாத வீலை வாங்காதீர்கள்.

வாங்க வேண்டாத பொருள் இரண்டு. கம்பி பிரஷ், இரும்பு நார். இரண்டும் ஆழமாகக் கீறும். அதோடு இரும்புத் துணுக்குகள் மெத்தென்ற அலுமினியத்தில் பதிந்து, ஈரம் பட்டதும் அந்த இடத்தில் புள்ளி புள்ளியாக அரிக்கும். இரும்பு அறுத்த டிஸ்க், இரும்பைத் தேய்த்த தாள் எதையும் அலுமினியத்தின் பக்கம் கொண்டுவர வேண்டாம்.

4. எப்போது, எங்கே

ஒரு கவருக்கு மூன்று நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் கழற்றி, கழுவி, லேக்கர் எடுக்க மூன்று மணி நேரம். இரண்டாம் நாள் முழுக்கத் தேய்ப்பு, ஆறு மணி நேரம். மூன்றாம் நாள் பஃப்பும் கை பாலிஷும் மூன்று மணி நேரம். இரண்டாம் நாள் வேலையை இழுத்துப்பிடித்து மூன்று மணியில் முடிக்கப் பார்த்தால் மூன்றாம் நாள் அத்தனையும் வீண்.

ஆடி மாதம் வேண்டவே வேண்டாம். ஆடிக் காற்றில் நம் செம்மண் புழுதி வீட்டுக்குள் வரை வரும். 2000 நம்பர் தாளில் தேய்க்கும்போது அதிலிருந்து ஒரே ஒரு மணல் உள்ளே மாட்டினால் போதும், மறுபடி 600-க்குத் திரும்ப வேண்டும். எனக்கு அது நடந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பஃப் வீல் ஈரம் வாங்கிவிடும். தை முதல் பங்குனி வரை, காலை ஏழு மணிக்கே தொடங்குவது, இதுதான் நல்ல நேரம்.

இடம் காற்றோட்டமான பின்கட்டு அல்லது கொட்டகை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் உட்கார்ந்து செய்யாதீர்கள். பஃப் போடும்போது தெறிக்கும் கருப்பு மசி அந்த சிமெண்டுக் கல்லுக்குள் இறங்கினால் போகாது. முற்றத்தில் செய்தால் தார்ப்பாய் விரித்துக்கொள்ளுங்கள்.

5. கழற்றுதல்

வண்டியிலேயே வைத்து பாலிஷ் போடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பொடி உள்ளே போகும், மூலைகள் எட்டாது. பழைய புல்லட்டின் இடப்பக்க பிரைமரி கவரை ஒரே ஒரு நடு நட்டுதான் பிடித்திருக்கும், உள்ளே ஆயில் இருக்கும், கீழே தட்டு வையுங்கள். வலப்பக்க டைமிங் கவரில் ஆயில் போகும் வழிகள் உண்டு. பழக்கம் இல்லாதவர்கள் அதை மெக்கானிக்கை வைத்தே கழற்றுங்கள்.

எங்கள் மெக்கானிக் அண்ணன் அந்த டைமிங் கவரைக் கழற்றும் முன்பே ஓர் அட்டையைக் கேட்டார். அதில் கவரின் உருவத்தைப் பேனாவால் வரைந்து, எந்த ஓட்டையில் இருந்த ஸ்குரூவோ அதை அட்டையில் அதே இடத்தில் குத்தி வைத்தார். "தம்பி, நீளம் மாறினா பிடிக்கவும் செய்யாது, இறுக்கினா உடைஞ்சும் போகும்" என்றார். ஸ்குரூ ஒவ்வொன்றும் வேறு நீளம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

6. கழுவுதல், லேக்கர் எடுத்தல்

மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டுப் பழைய பிரஷ்ஷால் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள், பிறகு பாத்திரம் கழுவும் திரவ சோப்பு, பிறகு நல்ல தண்ணீர். லேக்கர் இருந்தால் ரிமூவரைத் தடவிப் பதினைந்து நிமிடம் விட்டு, மரத்துண்டால் சுரண்டுங்கள். ரிமூவர் தோலில் பட்டால் எரியும். திறந்தவெளியில், ரப்பர் கையுறையோடு மட்டும்.

இங்கே நம் ஊர்க்காரர்கள் விழும் பொறி ஒன்று உண்டு. என் அப்பத்தா பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துத் தங்கமாக்குவார். அதே கை வழக்கத்தில் அலுமினியத்துக்கும் புளி, எலுமிச்சை, சாம்பல், சோடா மாவு என்று போனால் கதை வேறு. அமிலமும் காரமும் இரண்டுமே அலுமினியத்தை அரிக்கும். புளி பட்ட இடம் மங்கி வெளுக்கும், சாம்பலும் சோடாவும் கருக்கும். பித்தளைக்கு உள்ள வைத்தியம் வேறு, அலுமினியத்துக்கு உள்ளது வேறு.

7. தேய்ப்பு: உண்மையான வேலை இங்கேதான்

கவரை அசையாமல் பிடிக்க வேண்டும். ஒரு கனமான பலகையில் ரப்பர் வாஷர் வைத்து, கவரின் சொந்த ஓட்டை வழியாகவே போல்ட் போட்டுக் கட்டினேன். பிரைமரி கவருக்கு ஒரே நடு ஓட்டை என்பதால் அது சுற்றும். இரண்டு பக்கமும் மரக்கட்டை வைத்து ஆணி அடித்ததும் நின்றது. பேக்கிங் உட்காரும் உள் விளிம்பில் டேப் ஒட்டுங்கள். அந்த முகத்தில் தாள் பட்டால் பிறகு ஆயில் கசியும்.

எந்த நம்பரில் ஆரம்பிப்பது? முதலில் 400-ஐ ஒரு மூலையில் போட்டுப் பாருங்கள். வெண்மையும் கீறலும் போய்விட்டால் அங்கிருந்தே தொடங்கலாம். கல் பட்ட பள்ளம் இருந்தால் 320. அதற்கும் கீழே போவதென்றால் மிக ஆழமான அடி விழுந்த இடத்துக்கு மட்டும், அதுவும் கையால்.

320, 400 இரண்டு நம்பருக்கு மட்டும் மிஷின். ஸ்பாஞ்ச் பேடில் தாள் வட்டத்தை ஒட்டி, குறைந்த வேகத்தில், தட்டையாக வைத்து, நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள். ஒரே இடத்தில் மூன்று விநாடி நின்றால் குழி விழும். அந்தக் குழி இப்போது தெரியாது, கண்ணாடியான பிறகுதான் தெரியும். அதில் தெரியும் ஜன்னல் கம்பி நெளியும். விளிம்பு, ஸ்குரூ குழி, எழுத்து இவற்றின் மேல் மிஷினைக் கொண்டுபோகவே கூடாது. என் முதல் கவர் கெட்டது இப்படித்தான்.

600-லிருந்து கை, தண்ணீர், ஒரு சொட்டு பாத்திர சோப்பு. கையில் ஈரத்தோடு கரண்ட் மிஷினைத் தொடாதீர்கள். ஈரத் தேய்ப்பு தொடங்கும்போது பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். தாளை விரலால் நேராக அழுத்தினால் விரல் தடம் பள்ளமாகும். பழைய ஹவாய் செருப்பில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டு வெட்டி அதில் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். வளைவுக்கு அதுவே வளைந்து கொடுக்கும்.

இனி சொல்வதை மட்டும் விடாமல் செய்தால் போதும், மீதி தவறுகளைச் சரிசெய்துகொள்ளலாம். ஒரு நம்பரை நீளவாக்கில் தேய்த்தால் அடுத்த நம்பரைக் குறுக்குவாக்கில் தேயுங்கள். 600 நீளவாக்கு என்றால் 800 குறுக்கு, 1000 மறுபடி நீளம். இப்போது 800-ல் தேய்க்கும்போது நீளவாக்குக் கோடு ஒன்று தெரிந்தாலும் அது 600-ன் மிச்சம் என்று உடனே புரிந்துவிடும். அது போகும்வரை 1000-ஐ எடுக்காதீர்கள். எல்லா நம்பரையும் ஒரே வாக்கில் தேய்த்தால் எந்தக் கோடு எதன் கோடு என்றே தெரியாது.

சோதிக்க, கவரைத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தில் எல்லாமே மின்னும், நம்பாதீர்கள். டியூப் லைட்டை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சைப் பரப்புக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுக்கவைத்துப் பிடியுங்கள். தப்பிய கோடு வெள்ளி நூல் மாதிரி எழுந்து நிற்கும். மூன்றாவது கவரில் 1000 முடித்துவிட்டேன் என்று நினைத்து டார்ச் அடித்தபோது, நடுவில் சாய்வாக ஒரே ஒரு கோடு, சுண்டுவிரல் நீளம். விட்டுவிடலாமா என்று தோன்றியது. 600-க்குத் திரும்பினேன், முக்கால் மணி நேரம் கூடுதலாக ஆனது. இன்று அந்த இடம் எது என்று எனக்கே தெரியாது.

நம்பர் மாற்றும்போதெல்லாம் கவரையும் கையையும் செருப்புத் துண்டையும் கழுவி, வாளித் தண்ணீரையும் மாற்றுங்கள். பழைய நம்பரின் ஒரு துகள் வந்தால் போதும், வேலை கெடும். 2000 முடிந்ததும் பரப்பு பனி படர்ந்த கண்ணாடி போல இருக்கும். மேலே விரலைக் கொண்டுபோனால் நிழலாக விரல் தெரியும். அது தெரிந்தால்தான் அடுத்த படி.

8. மிஷினை ஓட்டும் முன்

அலுமினியப் பொடி எரியும். சிவகாசிப் பட்டாசில் வெள்ளை ஒளி வருவதற்குச் சேர்க்கும் பொருள்களில் இந்தப் பொடியும் ஒன்று. அதே பொடி இரும்புத் துருவோடு கலந்து பற்றினால் ரயில் தண்டவாளத்தை ஒட்டவைக்கும் அளவுக்கு வெப்பம் வரும். ஆகவே ஒரே இடத்தில் இரும்பு கிரைண்டிங்கும் அலுமினியத் தேய்ப்பும் வேண்டாம். பொடியைச் சேரவிடாமல் அடிக்கடி ஈரத்துணியால் துடைத்து எடுங்கள், வாக்குவம் கிளீனரால் உறிஞ்சாதீர்கள். பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணல் வையுங்கள். எரிகிற அலுமினியப் பொடியில் தண்ணீர் ஊற்றக்கூடாது. வேலை முடிந்ததும் துணி வீலைக் கழற்றி வெளியே வையுங்கள், உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கலாம்.

வேட்டி, துண்டு, தொங்கும் சங்கிலி, சால்வை, விரித்த முடி எதுவும் மிஷின் பக்கம் ஆகாது. துணிக் கையுறையும் வேண்டாம், வீல் கையோடு சேர்த்து இழுக்கும். முழு முக ஷீல்டும் மாஸ்க்கும் கட்டாயம். மாஸ்க் இல்லாமல் ஒரு மணி நேரம் செய்தால் மறுநாள் வரை சளி கருப்பாக வரும். எர்த் உள்ள மூன்று முனை பிளக்கில் மட்டும் சொருகுங்கள்.

9. பஃப்

வீல் இரண்டு வகை போதும். சுற்றுச் சுற்றாகத் தைத்த கெட்டித் துணி வீல் வெட்டுவதற்கு, தைக்காத மெத்தைத் துணி வீல் மெருகுக்கு. முதலாவதற்குப் பழுப்புச் சோப்பு, இரண்டாவதற்கு வெள்ளை. ஒரு வீலுக்கு ஒரே சோப்பு, வாழ்நாள் முழுக்க. வீலின் மேலேயே மார்க்கரால் எழுதி, தனித்தனிப் பையில் வையுங்கள்.

வீலை ஓட்டவிட்டு, சோப்பை ஒரு விநாடி மட்டும் தொட்டு எடுங்கள். நிறையப் போட்டால் நிறைய மின்னும் என்று நினைத்துத்தான் எல்லோரும் அப்பிக்கொள்கிறார்கள். கூடுதல் சோப்பு கவரில் கருப்புப் பட்டையாக உருகி ஒட்டும். ஒட்டிவிட்டால் அழுத்தித் தேய்க்காதீர்கள். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, சோப்பே போடாமல் வீலை ஒருமுறை ஓட்டினால் போகும்.

வீலின் சுற்றுக்கு எதிராக நகர்த்தினால் வெட்டும், சுற்றோடு சேர்ந்து நகர்த்தினால் மெருகேறும். பழுப்புச் சோப்பில் முதலில் எதிராக, பிறகு சேர்ந்து. வெள்ளையில் சேர்ந்து மட்டும், மிஷினின் எடையைத் தவிர வேறு அழுத்தம் இல்லாமல். விளிம்பு வரும்போது வீல் கவரிலிருந்து வெளியே இறங்கிப் போகும் திசையில் சுற்ற வேண்டும். வெளியிலிருந்து விளிம்பில் மோதி ஏறும் திசையில் சுற்றினால் மாட்டும். மாட்டினால் மிஷின் கையைத் திருப்பும், அல்லது கவர் பலகையோடு பிய்ந்து உங்கள் மேல் வரும். இந்த ஒரு வாக்கியத்தை மறுபடி படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

கவரைப் புறங்கையால் அடிக்கடி தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு வந்தால் நிறுத்திப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். சூடான அலுமினியம் மெத்தென்றாகி இழுபடும், ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு வரும். அது வந்தால் 1000 நம்பருக்குத் திரும்ப வேண்டும்.

மூலைகளுக்கு வீல் எட்டாது. சிறிய ரோட்டரி மிஷினில் கம்பளி முனை போட்டுச் செய்யலாம். நான் பனியன் துணியைக் குச்சியில் சுற்றிக் கையாலேயே செய்தேன், அரை மணி நேரம்தான் ஆனது.

10. கை மெருகு

மிச்சச் சோப்பின் பிசுக்கு பரப்பில் மெல்லிய படலமாக இருக்கும். ஒரு பிடி மைதாவைத் தூவி, சுத்தமான பனியன் வேஸ்டால் சுற்றிச் சுற்றித் துடையுங்கள். மாவு பிசுக்கை உறிஞ்சிக்கொண்டு சாம்பல் நிறமாகும். மாவு வெள்ளையாகவே உதிரும்வரை இரண்டு மூன்று முறை.

பிறகு மெட்டல் பாலிஷ், பட்டாணி அளவு, உள்ளங்கை அகலத்துக்கு. தேய்க்கத் தேய்க்கத் துணி கருப்பாகும். அது அழுக்கு இல்லை, அலுமினியம்தான். கருப்பைப் பார்த்து இன்னும் அழுக்கு இருக்கிறது என்று தேய்த்துக்கொண்டே போனால் அது நிற்கவே நிற்காது. ஒரு சுற்று, துடைத்தல், இன்னொரு சுற்று, அவ்வளவுதான். பனியன் வேஸ்டில் தையல், பட்டன், எலாஸ்டிக் இருக்கிற துண்டுகளை முன்பே பொறுக்கி எறியுங்கள்.

11. திரும்ப மாட்டுதல்

சரி, கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. மாட்ட அவசரப்படாதீர்கள். நாம் இவ்வளவு நேரம் பயன்படுத்தியது எல்லாமே உலோகத்தைத் தின்னும் பொடி. அது கவரின் உட்பக்கத்தில், ஸ்குரூ ஓட்டையில், ஆயில் வழியில் ஒரு சிட்டிகை தங்கினாலும் ஆயிலோடு கலந்து எஞ்சினைத் தின்னும். சோப்புத் தண்ணீரில் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வொரு ஓட்டையையும் தேய்த்து, சைக்கிள் பம்பால் ஊதி, வெள்ளைத் துணியை உள்ளே விட்டு எடுங்கள். துணி வெள்ளையாக வர வேண்டும். நான் மூன்று முறை கழுவினேன்.

பழைய பேக்கிங்கைத் திரும்பப் போடாதீர்கள். உள் விளிம்பு டேப்பை எடுத்து, புதுப் பேக்கிங் வைத்து, அட்டையில் குத்திய ஸ்குரூக்களை அதே இடத்தில் போடுங்கள். ஸ்குரூ டிரைவர் வழுக்கினால் புதுப் பரப்பில் ஒரு கோடு விழும். குழியைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டு இறுக்குங்கள். ஆயில் ஊற்றி, பத்து நிமிடம் ஓடவிட்டு, கீழே காகிதம் விரித்துக் கசிவு பாருங்கள்.

12. பிறகு

லேக்கர் அடித்துவிட்டால் பாலிஷ் அப்படியே நிற்குமே என்று பலர் கேட்பார்கள். எஞ்சின் சூட்டிலும் கல் அடியிலும் லேக்கர் எங்கோ ஒரு முனையில் விடும். அந்த வழியே ஈரம் புகுந்து, அடியில் புழு ஊர்ந்த தடம் மாதிரி வெள்ளையாக அரித்துக்கொண்டு போகும். அப்போது மறுபடி முதல் படியிலிருந்து எல்லாம். வெறும் பரப்பாகவே விட்டு, கார் மெழுகு தடவுங்கள். மாதம் ஒருமுறை மெழுகு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மெட்டல் பாலிஷ் கால் மணி நேரம்.

மழையில் நனைந்தால் அன்றே துடையுங்கள். போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் உப்பு வட்டம் வட்டமாக நிற்கும். துணியால் உடனே ஒற்றி எடுங்கள். தொண்டி, தேவிபட்டினம், ராமேஸ்வரம் பக்கம் கடற்கரைக்குப் போய்வந்தால் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்புக் காற்று இரண்டு நாளில் புள்ளி போட ஆரம்பிக்கும். பயணத்துக்கு முந்தின நாள் மெழுகை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகத் தடவி வைத்தால் திரும்பி வந்து துடைக்கும் வேலை பாதியாகும்.